ஹராம்: எங்கள் ஊர்ப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் கல்முனைப் பக்கத்து ஊர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. 22 வருடம் பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடம் படிப்பித்தவள் என்பதால் அந்த வகுப்பை என் தலையில் வைத்திருக்கிறார்கள். தெரிந்ததை அங்கேயே சொல்வேன். தெரியாததை மௌலவிமாரிடம் கேட்டு அடுத்த கிழமை சொல்வேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கிழக்கு மாகாண முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபை, அதாவது ஷாபிஈ சட்ட வழியைப் பின்பற்றுபவர்கள். ஆகவே பதில்களும் அதையொட்டியே இருக்கும். மற்ற மத்ஹபுகள் வேறு சொல்லும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

ஹராம் என்றால் சரியாக என்ன?

அல்லாஹ்வும் அவன் தூதரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தடுத்தது ஹராம். செய்தால் பாவம், அல்லாஹ்வுக்காக விட்டால் நன்மை. மனிதர் செய்யும் எல்லாக் காரியத்தையும் சட்ட அறிஞர்கள் ஐந்து வகைக்குள் அடக்குவார்கள். ஐவேளைத் தொழுகை பர்ளு, கட்டாயக் கடமை. தஹஜ்ஜுத் என்ற இரவுத் தொழுகை சுன்னத், செய்தால் நன்மை. பிளேன்டீ குடிப்பது முபாஹ், குடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். பச்சை வெங்காயம் தின்றுவிட்டு வாய் நாற்றத்தோடு பள்ளிவாசலுக்குப் போவது மக்ரூஹ், வெறுக்கப்பட்டது. மது குடிப்பது ஹராம்.

நம்மில் பலர் மக்ரூஹையும் ஹராத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அங்கேதான் முதல் குழப்பம் தொடங்குகிறது.

சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். மக்காவின் ஹரம், ஹாஜிகள் கட்டும் இஹ்ராம், கலியாணம் முடிக்கக்கூடாத உறவான மஹ்ரம், முஹர்ரம் மாதம் எல்லாம் ஹராம் என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தவை. கை வைக்கக்கூடாது என்று வேலி போட்ட இடம் என்ற கருத்து எல்லாவற்றிலும் ஓடுகிறது. நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்புகளிலும் இருக்கிறது: ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே பலருக்குத் தெரியாத சந்தேகமானவை உண்டு, வேலியைச் சுற்றி ஆடு மேய்ப்பவன் எப்போதாவது உள்ளே மேய விட்டுவிடுவான். வயல் விதைத்த காலத்தில் வரம்போரமாக மாடு சாய்த்துக்கொண்டு போனவர்களுக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை. மாட்டின் கண் பயிரில்தான் இருக்கும்.

எதைக் கேட்டாலும் ஹராம் என்கிறார்களே. அவ்வளவு இருக்கிறதா?

இல்லை. வணக்க வழிபாடு தவிர்ந்த விஷயங்களில் அடிப்படை அனுமதிதான் என்பது சட்ட அறிஞர்களின் பொது விதி. ஹராம் என்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். ஹலால் என்று கேட்பவர் காட்ட வேண்டியதில்லை. உங்கள் நாவுகள் வர்ணிக்கிற பொய்யை வைத்து இது ஹலால், இது ஹராம் என்று சொல்லாதீர்கள் என்று குர்ஆன் (16:116) கண்டிக்கிறது. ஹலாலானதை ஹராமாக்குவதும் ஒரு பெரிய குற்றம் என்பதை நாம் மறந்துபோனோம்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். புதிதாகப் படிப்பிக்க வந்த காலத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். கடல், தோணி, தோணியில் வலை இழுக்கும் அவனுடைய வாப்பா. உயிருள்ளதை வரைவது ஹராம் மகன் என்று ஒரே வசனத்தில் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அதே தாளைத் திரும்பக் கொண்டுவந்தான். வாப்பாவை மட்டும் றப்பரால் தேய்த்திருந்தான். அந்த இடத்தில் தாள் மெலிந்து நூல் எழும்பியிருந்தது. வலை ஒருவர் கையிலும் இல்லாமல் தொங்கியது. தாளில் வரையும் படத்தில் மாலிகி அறிஞர்கள் பலர் இளக்கமான கருத்துக் கொண்டவர்கள் என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் பிள்ளையிடம் அப்படி வெட்டிச் சொல்லியிருக்கக்கூடாது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "இதில் இமாம்கள் ஒன்றுபட்டார்களா, வேறுபட்டார்களா" என்று பார்க்காமல் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை.

நண்டு சாப்பிடலாமா?

மட்டக்களப்பு வாவியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஹலால் என்று குர்ஆன் (5:96) சொல்கிறது. கடலின் நீர் சுத்தமானது, அதில் செத்தது ஹலாலானது என்பது நபிமொழி. அதனால் மீன், இறால், கணவாய், சுறா, திருக்கை எதிலும் ஷாபிஈ மத்ஹபில் சிக்கல் இல்லை. ஹனபி மத்ஹபில் மீன் மட்டும்தான் ஹலால். இறாலை மீனில் சேர்ப்பதா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு.

நண்டில் சங்கதி வேறு. நீரிலும் நிலத்திலும் வாழ்பவை ஹராம் என்று சொல்லி, தவளையோடும் பாம்போடும் நண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார் ஷாபிஈ மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் நவவி. நம் மூத்தவர்கள் பலர் நண்டைத் தொடாமல் இருந்தது இதனால்தான். அதே இமாம் இன்னொரு நூலில், கடலில் உள்ளவற்றில் தவளை தவிர மற்றவை ஆகும், அதாவது சாப்பிட அனுமதி உண்டு என்பதே சரியான கருத்து என்கிறார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் பொருத்திப் பார்த்து, உண்மையிலேயே நிலத்திலும் குடியிருப்பது எது, நீரை விட்டு எடுத்தால் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டு கிடப்பது மட்டும் எது என்று பிரித்தார்கள்.

சந்தையில் வாவி நண்டைக் கயிற்றால் கட்டி ஈரச் சாக்கில் போட்டு வைத்திருப்பார்கள். அடுத்த நாளும் கண்ணை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தவர் இது நிலத்திலும் வாழும் என்பார். ஆனால் அது மூச்சு விடுவது செவுளால். செவுள் ஈரமாக இருக்கும் வரைதான் உயிர். முட்டை பொரிப்பதும் கடல்நீரில். ஆகவே அது நீர்ப் பிராணியே என்று இன்றைய அறிஞர்கள் பலர் ஆகுமென்கிறார்கள். நான் சாப்பிடுவதில்லை, என் மருமகள் சமைத்துச் சாப்பிடுகிறாள். ஒரே குசினிதான்.

அயலில் உள்ள தமிழ்க் குடும்பம் பொங்கல் தந்தால்?

குர்ஆன் நான்கு இடங்களில் (2:173, 5:3, 6:145, 16:115) ஹராமான உணவைச் சொல்கிறது: செத்தது, ஓடும் இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவருக்கென்று அறுக்கப்பட்டது. அயலவரின் சோறும் சர்க்கரையும் பாலும் பயறும் இந்தப் பட்டியலில் இல்லை. படையலில் வைத்து எடுத்ததை உண்ணலாமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. பலர் தவிர்க்கச் சொல்வார்கள். நானும் தவிர்ப்பேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு தமிழ் ஆட்களின் தெரு. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்த ஒரு டீச்சர் அங்கே இருக்கிறா. தைப்பொங்கலுக்கு மூடி போட்ட ஏனத்தோடு வாசலில் நின்று, முதல் சொல்லாகவே சொல்வா: "படைக்க முந்தியே உங்களுக்கெண்டு வேற எடுத்து வச்சிட்டன்." நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவவாக விசாரித்து அறிந்து வைத்திருக்கிறா. நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டில் இருந்து அவவின் வீட்டுக்குப் போகும். அவவின் மாமியார் மாட்டிறைச்சி தொடாதவர் என்பதால் இறைச்சி போடாமல் ஒரு சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சுவேன்.

இறைச்சிக் கடையில் வாங்கும்போது அறுத்தவர் பிஸ்மி சொன்னாரா என்று விசாரிக்க வேண்டுமா?

வேண்டாம். அறுத்தவர் முஸ்லிம் என்றால் அவரைப் பற்றி நல்லெண்ணம் வைப்பதே மார்க்கம். ஷாபிஈ மத்ஹபில் பிஸ்மி, அதாவது அல்லாஹ்வின் பெயர், சொல்வது சுன்னத். மறந்தோ விட்டோ போனாலும் இறைச்சி ஹலால். ஹனபி மத்ஹபில் வேண்டுமென்றே விட்டால் ஹராம். மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அறுபட வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும். மாட்டின் கண் முன்னால் கத்தி தீட்டக்கூடாது, இன்னொரு மாட்டுக்கு முன்னால் அறுக்கக்கூடாது. கடைக்காரரிடம் கேட்பதென்றால் இந்தக் கடைசி இரண்டையும் கேளுங்கள். இவற்றை யாரும் கேட்பதில்லை.

அச்சாறுக்கு வினாகிரி போடலாமா? அது கள்ளில் இருந்து வருகிறதே?

நல்ல கேள்வி. தென்னங்கள்ளு முதலில் புளித்துப் போதையாகி, பிறகு இன்னும் புளித்து வினாகிரியாகிறது. மது தானாகவே வினாகிரியாக மாறினால் அது சுத்தம், ஹலால். இதில் நான்கு மத்ஹபும் ஒன்று. எதையாவது உள்ளே போட்டு மாற்றினால் ஷாபிஈ மத்ஹபில் ஆகாது, ஹனபியில் ஆகும். வினாகிரி எவ்வளவு நல்ல தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் இருக்கிறது.

பழைய நகையைக் கொடுத்துப் புது நகை மாற்றுவதில் என்ன பிழை?

காத்தான்குடி, கல்முனை நகைக்கடைகளில் கலியாணக் காலம் முழுக்க நடப்பது இதுதான். பிழை நடக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

பொன்னுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி, கோதுமைக்குக் கோதுமை, வாற்கோதுமைக்கு வாற்கோதுமை, ஈச்சம்பழத்துக்கு ஈச்சம்பழம், உப்புக்கு உப்பு: சரிக்குச் சரி, கைக்குக் கை என்று நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். கூடக் கொடுத்தாலும் கூட வாங்கினாலும் அது ரிபா, அதாவது வட்டி. நபித்தோழர் பிலால் (ரலி) ஒருமுறை நல்ல ஈச்சம்பழம் கொண்டுவந்தார்கள். மட்டமானதில் இரண்டு ஸாவு (அக்கால முகத்தல் அளவு) கொடுத்து இதில் ஒரு ஸாவு வாங்கினேன் என்றார்கள். இதுதான் வட்டியே, அப்படிச் செய்யாதீர், மட்டமானதை விற்று அந்தக் காசுக்கு இதை வாங்கும் என்றார்கள் நபி (ஸல்).

போன வருடம் தங்கச்சியின் மகளுக்காக நானும் கடைக்குப் போனேன். பழைய சங்கிலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் வைத்ததும் 31.8 கிராம் என்று காட்டியது. எடுக்க நினைத்த மாலை 27.6 கிராம். செய்கூலி, சேதாரத்தோடு கணக்குச் சரி, சங்கிலியைத் தந்துவிட்டு மாலையை எடுங்கள் என்றார் கடைக்காரத் தம்பி. தம்பி, முதலில் என்னுடையதை விலைக்கு எடுங்கள், காசை என் கையில் தாருங்கள் என்றேன். அவர் லாச்சியைத் திறந்து காசை எண்ணி வைத்தார். நானும் எண்ணினேன். பிறகு அந்தக் காசைக் கொடுத்து மாலையை வாங்கினேன். ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கவில்லை. விலை பிடிக்காவிட்டால் காசோடு அடுத்த கடைக்குப் போகும் சுதந்திரமும் அப்போது நம் கையில் இருக்கிறது. இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது என்று கடை வாசலிலேயே விளங்கிவிடும்.

வேலைப்பாட்டுக்காகக் கூடக் கொடுக்கலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் சொன்னது உண்மைதான். பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. தவணைக்குத் தங்கம் வாங்குவதையும் பெரும்பான்மையோர் தடுக்கிறார்கள்.

கிழமைக் கடன் எடுத்துவிட்டோம். நாங்களும் ஹராத்தில் விழுந்துவிட்டோமா?

குழுவாகக் கையெழுத்து வைத்து எடுத்து, கிழமைக்குக் கிழமை வட்டியோடு கட்டும் கடன் இது. இதைக் கேட்கும்போது பெண்களின் குரல் தாழ்ந்துவிடும். வட்டி தின்பவரையும் கொடுப்பவரையும் எழுதுபவரையும் சாட்சிகள் இருவரையும் நபி (ஸல்) சபித்தார்கள் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். அதை நான் மறைத்துச் சொல்ல முடியாது. வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கினான் என்ற வசனத்துக்கு (2:275) அடுத்து, வட்டியை விடாதவர்களோடு போர்ப் பிரகடனம் வருகிறது (2:279). குர்ஆனில் இவ்வளவு கடுமையான பேச்சு வேறு எந்தப் பணக் குற்றத்துக்கும் இல்லை.

ஆனாலும் அந்தப் போர்ப் பிரகடனம் யாரை நோக்கி என்று பாருங்கள். அதற்கு அடுத்த வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுங்கள் என்று கடன் கொடுத்தவரிடம் பேசுகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பட்டினிக்கோ வேறு வழியே இல்லாமல் எடுத்தவரை நிர்ப்பந்தத்தில் உள்ளவராகவே இன்றைய அறிஞர்கள் பலர் பார்க்கிறார்கள். வட்டி வாங்குபவருக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தம் கிடையாது. சோபா செற் வாங்கவும் கத்னா (விருத்தசேதன) வீட்டுச் சாப்பாட்டுக்கும் எடுத்தால் அதற்குப் பெயர் நிர்ப்பந்தம் அல்ல.

எனக்கு மனத்தில் இருக்கும் கோபம் வேறு. பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழுவில் கையெழுத்து வைத்துக் கடன் எடுக்கும்போது, அதே தெருவில் பெட்டகத்துக்குள் பணம் தூங்குகிறது. வட்டியில்லாக் கடன் கொடுக்க ஆள் இல்லாத ஊரில் வட்டி ஹராம் என்று மைக்கில் சொல்வது பாதிப் பேச்சு. எங்கள் வகுப்பில் 17 பேர் மாதம் கொஞ்சம் போட்டு ஒரு கைமாற்றுப் பெட்டி தொடங்கினோம். பெரிய தொகை இல்லை. ஆனால் இதுவரை நான்கு பேர் கிழமைக் கடனை அடைத்து வெளியே வந்திருக்கிறார்கள்.

நகையை அடகு வைப்பது ஹராமா என்றும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அடகு ஹலால். நபி (ஸல்) தம் கவசத்தை ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக ஈடு வைத்திருந்தார்கள். வஃபாத்தாகும்போதும் (மறையும்போதும்) அது ஈட்டில்தான் இருந்தது. ஹராம் அதன் மேல் ஏறும் வட்டிதான். இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி இஸ்லாமிய முறையில் இயங்குகிறது. வேறு சில நிறுவனங்களும் அப்படிப் பிரிவுகள் வைத்திருக்கின்றன. ஒப்பந்தத்தை வாசித்து, கேள்வி கேட்டு எடுங்கள்.

அறுவடைக்கு முன்பே நெல்லுக்குக் காசு வாங்கலாமா?

வயல்காரக் குடும்பங்களில் இருந்து வரும் கேள்வி. பெரும்போகம் விதைக்கப் பசளைக்கும் உழவுக்கும் காசு வேண்டும். கடைக்காரரோ ஆலைக்காரரோ தருவார். எப்படித் தருகிறார் என்பதில்தான் ஹலாலும் ஹராமும் இருக்கிறது.

50,000 தந்து, அறுவடைக்கு 60,000 தா என்றால் வட்டி. 60,000 ரூபாய்க்கான நெல்லைத் தா என்றாலும் அதே வட்டிதான், நெல் உடுத்தி வந்திருக்கிறது. ஆனால், இன்ன இன நெல், இத்தனை மூட்டை, மூட்டை இத்தனை கிலோ, இன்ன திகதிக்கு, இன்ன விலை என்று பேசி முழுக் காசையும் பேசிய அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டால் அது ஸலம் என்ற வியாபாரம். நபி (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது மக்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் முந்தியே பழத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த அளவு, தெரிந்த நிறை, தெரிந்த தவணை இருக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தி அனுமதித்தார்கள். இந்த வயலில் விளைவதைத்தான் தர வேண்டும் என்று குறித்த வயலோடு கட்டக்கூடாது. வெள்ளம் அந்த வயலைக் கொண்டுபோனால் என்ன செய்வது? தவணை பிந்தியதற்காக மூட்டையைக் கூட்டவும் கூடாது.

முறை ஹலால் என்பதற்காக, பசித்தவனிடம் அரைவிலைக்குப் பேசுவது அழகல்ல. அதையும் ஆலைக்காரரின் மனைவிமார் வகுப்பில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன்.

காணியை ஒற்றிக்கு எடுத்துச் செய்வது?

கடன் கொடுத்து, கடன் திரும்பும் வரை அந்த வயலைத் தானே செய்து விளைச்சலை எடுப்பது, கடனின் மேல் பெற்ற லாபம். கடன் கொடுத்தவருக்கு லாபம் இழுத்துத் தரும் எந்தக் கடனும் வட்டி என்பது சட்ட விதி. நியாயமான குத்தகை பேசி, அதைக் கடனில் கழித்தால் பிரச்சினை தீர்ந்தது.

சீட்டு?

எல்லோரும் ஒரே தொகை கட்டி, முறைப்படி ஒவ்வொருவராக முழுத்தொகை எடுக்கும் சாதாரணச் சீட்டு ஆகும் என்பதே இன்றைய பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கழித்து எடுக்கும் ஏலச்சீட்டு ஆகாது.

கைக்கூலியும் சீதன வீடும் ஹராமா?

கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது நம் பழைய வழக்கம். வீடு பெண்ணின் பேரில் இருப்பதால் கணவன் கைவிட்டாலும் அவள் தெருவுக்கு வருவதில்லை. இந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். பெற்றோர் மனமுவந்து மகளுக்கு எதைக் கொடுத்தாலும் அது அன்பளிப்பு, ஹலால்.

கேட்டு வாங்குவது வேறு. இன்ன தொகை கைக்கூலி (மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் காசு), இத்தனை பவுன், மாடி வைத்த வீடு என்று நிபந்தனை போடும்போது அங்கே மனமுவப்பு எங்கே இருக்கிறது? ஒருவரின் பொருள் அவர் மனம் ஒப்பாமல் இன்னொருவருக்கு ஆகாது என்பது நபிமொழி. ஒருவர் பொருளை ஒருவர் தவறான வழியில் தின்னாதீர்கள் என்பது குர்ஆன் (4:29). கொடுக்க வேண்டியவன் ஆண், அதற்குப் பெயர் மஹர் (4:4). நம்மில் மஹர் ஒரு நகையாகச் சுருங்கி, கைக்கூலி மலையாக வளர்ந்தது. இந்த வீட்டைக் கட்டத்தான் எத்தனை உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, உம்மா அனுப்பிய கடிதங்களை இஸ்லாம் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அவளுடைய வீட்டின் ஒவ்வொரு கல்லும் அந்தக் கடிதங்களில் எழுதியிருந்தது: இந்த மாதம் சீமெந்து, அடுத்த மாதம் கதவுநிலை. இதை வாங்கிக்கொண்டு குடிபுகும் மாப்பிள்ளை வீட்டார், கோழி ஹலாலாக அறுத்ததா என்று கேட்டுச் சாப்பிடுகிறார்கள்.

சட்டத்தையும் தெரிந்து வையுங்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை, பெண்ணின் பாவனைக்காக மணமகனிடம் கொடுத்தது என்றே பார்க்கிறது. அதைத் திருப்பிக் கேட்டு, முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதியிடம் போக மனைவிக்கு உரிமை உண்டு. கொடுத்த ஆதாரத்தை எழுதி வைக்காததால்தான் பலர் இழக்கிறார்கள்.

இன்னொரு ஹராம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. வாப்பா மௌத்தான பிறகு, "உனக்குச் சீதனம் தந்தாச்சு, வயலில் பங்கு இல்ல" என்று காக்காமார் (அண்ணன்மார்) சொல்வது. வாழும்போது தந்த அன்பளிப்பு வாரிசுப் பங்கை அழிக்காது. மகனின் பங்கில் பாதி மகளுக்கு உண்டு (4:11). பிள்ளைகள் உள்ள விதவைக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளை விட்டுப்போனவரின் தாய்க்கு ஆறில் ஒன்று. இவற்றைப் பிரிக்காமல் அனுபவிப்பது பிறர் பொருளைத் தின்பது. அநாதைப் பிள்ளைகள் இருந்தால், வயிற்றில் நெருப்பைத் தின்பது என்கிறது குர்ஆன் (4:10).

மறுபக்கமும் உண்டு. எல்லாச் சொத்தையும் பெண் பிள்ளைகளுக்கு எழுதி, ஆண் பிள்ளைகளை வெறுங்கையோடு விடும் வாப்பாமாரும் இருக்கிறார்கள். மேலே சொன்ன அதே நுஃமான் (ரலி) சிறுவராக இருந்தபோது அவர் தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்து, நபியவர்களைச் சாட்சியாக அழைத்தார். உம் எல்லாப் பிள்ளைக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வை அஞ்சி, பிள்ளைகளிடையே நீதமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிச் சாட்சி நிற்க மறுத்தார்கள். தந்தை அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். காரணமில்லாமல் இப்படிக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது ஷாபிஈ மத்ஹபில் மக்ரூஹ், ஹம்பலி மத்ஹபில் ஹராம்.

சாச்சியின் (உம்மாவின் தங்கச்சியின்) மகளைக் கட்டலாமா?

மார்க்கத்தில் தடையில்லை. யாரைக் கட்டக்கூடாது என்பதை 4:23 வசனம் பெயர் சொல்லி எண்ணுகிறது. சாச்சியின் மகள் அதில் இல்லை. நம் ஊர் வழக்கில் அவள் தங்கச்சி. தாய்வழிக் குடி பார்க்கும் ஊர்களில் ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது என்ற கட்டும் இருந்தது. வழக்கத்தை மதித்து விலகி இருக்கலாம். ஆனால் அதை ஹராம் என்று பெயர் சூட்டக்கூடாது.

உண்மையான ஹராம் ஒன்று இங்கே கவனிக்கப்படாமல் போகிறது. இரண்டு வயதுக்குள் தனித்தனியாக ஐந்து தடவை பால் கொடுத்தால் பால்குடி உறவு உண்டாகும் என்பது ஷாபிஈ மத்ஹப். ஹனபியிலும் மாலிகியிலும் ஒரு தடவையே போதும். அக்கா தங்கச்சிமாரின் வீடுகள் ஒரே வளவுக்குள் இருக்கும் ஊர் இது. ஒருத்தி காய்ச்சலில் கிடந்தால் மற்றவள் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பாள். மூத்தம்மாவே கைப்பிள்ளைக்காரியாக இருந்து பேரப்பிள்ளைக்குக் கொடுத்ததும் உண்டு. அப்படியானால் அந்தப் பேரன் தன் மாமாவுக்குத் தம்பியாகிவிடுகிறான். மாமாவின் மகளை அவன் கட்ட முடியாது. இருபது வருடம் கழித்து நிக்காஹ் பேசும்போது ஒரு கிழவி வந்து நினைவுபடுத்தினால் இரண்டு குடும்பமும் உடையும். கொடுத்தால் அன்றைக்கே இரு வீட்டாருக்கும் சொல்லி, எழுதி வையுங்கள்.

ஹராம் செய்தவரைப் பள்ளிவாசல் தண்டிக்கலாமா?

முடியாது. புத்தி சொல்லலாம், கணவன் மனைவி பிணக்கில் சமாதானம் பேசலாம். காதி நீதிமன்றத்தின் அதிகாரமும் விவாகம், விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றோடு நின்றுவிடும். களவும் அடிதடியும் போதைத்தூளும் நாட்டின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவை. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து ஹராம் தேடுவதையே குர்ஆன் (49:12) தடுக்கிறது. புறம் பேசுவதைச் செத்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிடுவதும் அதே வசனம்தான்.

நிர்ப்பந்தத்தில் ஹராம் ஆகுமென்றால் எல்லை எது?

பசியால் உயிர் போகும் நிலையில், பாவ நாட்டமில்லாமல் தின்றால் குற்றமில்லை என்று 5:3 வசனம் பட்டியலின் முடிவிலேயே சொல்கிறது. அதில் இருந்து இரண்டு விதிகள் எடுத்தார்கள்: நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும், நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டும் தளர்த்தும். உயிர் காக்கும் மருந்துக்கு மாற்று இல்லையென்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று பயந்து விடாதீர்கள். ஒரு தாய், ஊசியில் பன்றி இருக்கிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பிப் பிள்ளையின் தடுப்பூசியைப் பிற்போட்டா. வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

ஹராமாக வந்த பொருளை என்ன செய்வது? தௌபா (பாவமன்னிப்புத் தேடுவது) செய்தால் போதாதா?

அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையில் உள்ளதற்கு வருந்துவதும் விடுவதும் திரும்பச் செய்யாதிருக்க உறுதி கொள்வதும் போதும். மனிதருடைய பொருள் என்றால் நான்காவது நிபந்தனை ஒன்று உண்டு: உரியவரிடம் சேர்க்க வேண்டும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமி கழுத்தில் மாட்டப்படும் என்ற ஹதீஸைக் கேட்டுவிட்டு, ஒரு ராத்தா (அக்கா) எழும்பிப் போய் மதிலை ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டினா. கணவரோடு பெரிய சண்டை. ஆனாலும் கட்டினா.

வங்கியில் வட்டி விழுந்திருந்தால் அதைப் பிரித்தெடுத்துப் பொதுத் தேவைக்கு விடுங்கள். அதில் சதகாவின் (தருமத்தின்) நன்மையை எதிர்பார்க்கக்கூடாது.

கடன் தந்தவர் 2004 சுனாமியில் போய்விட்டார், என்ன செய்வது என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் வாரிசைத் தேடுங்கள். கரையோரத்தில் குடும்பம் முழுதும் போன வீடுகளுக்கும் உள்ளூரில் ஒரு தாய்வழி உறவாவது இருக்கும். கிராம சேவகரிடம் கேளுங்கள், பள்ளிவாசலில் விசாரியுங்கள். யாருமே இல்லையென்றால் அந்தத் தொகையை அவர் பேரில் தருமம் செய்யலாம். பின்னால் ஒரு வாரிசு வந்து நின்றால் தெரிவு அவருடையது. அந்தத் தருமத்தை ஒப்புக்கொண்டு நன்மையை எடுத்துக்கொள்ளலாம். இல்லை, எனக்குக் காசுதான் வேண்டும் என்றால் கொடுக்க வேண்டியதுதான், இரண்டாம் தரமும்.